வைரஸ் என்ற ஒரே சொல்லில் அடங்காதவை

வெள்ளவத்தையில் சிறிய கணக்குப்பதிவு அலுவலகம் நடத்தும் ஒருவர் கேட்டிருந்த கேள்வியின் சாரம் இது. அலுவலகத்தின் மூன்று கணினிகளுள் ஒன்றில் இருந்த எக்செல் கோப்புகளும் ஸ்கேன் செய்து வைத்திருந்த பற்றுச்சீட்டுகளும் ஒரு நாள் காலையில் திறக்கவில்லை. எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் அறிமுகமில்லாத நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு இருந்தது: கோப்புகளை மீட்க 980 டொலர் செலுத்த வேண்டும், 72 மணித்தியாலத்துக்குள் தொடர்புகொண்டால் 490 டொலர் போதும். பழுதுபார்க்க வந்தவர் “வைரஸ் புகுந்துவிட்டது, போர்மட் பண்ணிப் புது வைரஸ் கார்ட் போட்டால் சரியாகிவிடும்” என்று சொல்லிச் சென்றிருக்கிறார். இது உண்மையில் வைரஸா, ட்ரோஜனா, ரன்சம்வெயாரா, இவற்றுக்கிடையே என்ன வேறுபாடு, வைரஸ் கார்ட் இருந்தும் எப்படி உள்ளே வந்தது என்பனவே அவருடைய கேள்விகள்.

விளக்கத்துக்கு முன் ஒரு வேண்டுகோள். அந்தக் கணினியை இப்போதைக்குப் போர்மட் செய்ய விடாதீர்கள். இணையத்திலிருந்தும் மற்ற இரு கணினிகளிலிருந்தும் அதைத் துண்டித்து, அணைத்து, ஒதுக்கி வையுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது உள்ளே வந்த வகையில் பெரும்பாலும் ட்ரோஜன். செய்த வேலையால் ரன்சம்வெயார். இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா என்று நீங்கள் கேட்கலாம். தீநிரல்களின், அதாவது தீங்கு செய்ய எழுதப்பட்ட நிரல்களின், பெயர்கள் நம்மைக் குழப்புவதே இந்த இடத்தில்தான், ஏனென்றால் அவை ஒரே அளவுகோலால் வகுக்கப்பட்டவை அல்ல. வைரஸ், வேர்ம் என்ற பெயர்கள் நிரல் பரவும் முறையைச் சொல்கின்றன. ட்ரோஜன் என்பது அது நுழைந்த வேடத்தைச் சொல்கிறது. ரன்சம்வெயார் (பூட்டிவிட்டுக் கப்பம் கேட்பது), ஸ்பைவெயார் (தகவல் திருடுவது), வைப்பர் (அழிப்பது) என்பன உள்ளே வந்தபின் அது பார்க்கும் வேலையைச் சொல்கின்றன. ஆகவே ஒரே நிரலுக்கு இரண்டு மூன்று பெயர்கள் பொருந்தும். காய்ச்சல் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், டெங்கு என்றால் பூச்சாடித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டுகிறோம். எலிக்காய்ச்சல் என்றால் வயலில் இறங்குபவர்கள் முன்கூட்டியே மருந்து எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாவற்றையும் வைரஸ் என்று அழைக்கும்போது நமக்குக் கிடைக்கும் மருந்தும் வைரஸ் கார்ட் என்ற ஒன்றாகவே இருந்துவிடுகிறது. எனக்கு இதில் உள்ள கவலையும் அதுதான்.

சரியான பொருளில் வைரஸ் என்பது தனித்து வாழாத நிரல். அது இன்னொரு நிரலிலோ, வட்டின் தொடக்கப் பகுதியிலோ தன்னை எழுதிக்கொண்டு, அந்த இடம் இயங்கும்போது தானும் இயங்கி, அடுத்ததற்குத் தன் பிரதியை ஒட்டுகிறது. தனியாள் கணினிகளிடையே பரவிய முதல் வைரஸ்களுள் ஒன்றான பிரெயின், 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் கணினிக் கடை நடத்திய சகோதரர் இருவரால் எழுதப்பட்டது. தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகப் பிரதி எடுக்கிறார்களா என்று அறிவதற்காக எழுதியதாக அவர்கள் கூறினார்கள். நிரலுக்குள்ளேயே தங்கள் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் வைத்திருந்தார்கள். ஃப்ளொப்பி வட்டு கைமாறிய வேகத்தில்தான் அது பரவியது. இந்த வகை வைரஸ்களை இன்று நான் அரிதாகவே காண்கிறேன்.

வேர்ம் வேறு இனம். அதற்கு ஒட்டிக்கொள்ள இன்னொரு நிரல் வேண்டியதில்லை. பல வேர்ம்களுக்கு மனிதர் ஒருவர் எதையும் அழுத்த வேண்டிய தேவையும் இல்லை. 1988 நவம்பர் 2ஆம் திகதி, கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபேர்ட் மொரிஸ் வெளியிட்ட வேர்ம், அன்று இணையத்தில் இருந்த கணினிகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை, அதாவது சுமார் 6,000 கணினிகளை, முடக்கியதாக மதிப்பிடப்பட்டது. அழிக்கும் நோக்கம் அதில் இல்லை. ஒரே கணினியில் மீண்டும் மீண்டும் குடியேறியதால் கணினிகள் மூச்சுத் திணறி நின்றன. அந்த நிகழ்வுக்குப் பின்னர்தான் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் முதலாவது கணினி அவசர உதவிக் குழு (சேர்ட்) உருவானது. 2006இல் நம் நாட்டில் தொடங்கப்பட்ட இலங்கை சேர்ட்டும் அதே மரபில் வந்ததே.

வேர்ம் எவ்வளவு தூரம் போகும் என்பதை 2017 மே 12ஆம் திகதி உலகம் கண்டது. வொன்னாக்ரை, பரவும் முறையில் வேர்ம், செய்யும் வேலையில் ரன்சம்வெயார். விண்டோஸ் கணினிகள் ஒன்றோடொன்று கோப்புகளைப் பகிரும் வசதியில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்து, 150க்கும் மேற்பட்ட நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான கணினிகளைப் பூட்டியது. பிரித்தானியாவின் அரச மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசொப்ட் மார்ச் 14ஆம் திகதியே வெளியிட்டிருந்தது என்பதே இதில் வருத்தம் தரும் விடயம். இரண்டு மாதங்கள் இருந்தும் போடாதவர்கள்தான் பாதிக்கப்பட்டார்கள். உங்கள் மற்ற இரு கணினிகளில் விண்டோஸ் 7 இருந்தால் அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. வேர்முக்கு எதிரான முதல் மருந்து அப்டேட். வைரஸ் கார்ட் அதற்கு ஈடாகாது.

கொமியூனிகேஷன் கடையில் அச்செடுக்கக் கொடுத்த பென் டிரைவ் திரும்பி வரும்போது ஃபோல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருப்பதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதை வைரஸ் என்று சொன்னாலும் அதுவும் பெரும்பாலும் வேர்ம் இனமே. உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு, அதே பெயரில் தன்னை இயக்கும் ஷோர்ட்கட்டை வைக்கிறது; நாம் வழமைபோல் இரண்டு தட்டுத் தட்டியதும் இயங்குகிறது. கோப்புகள் பெரும்பாலும் அழிந்திருப்பதில்லை என்பதால், பயந்து பென் டிரைவைப் போர்மட் செய்பவர்கள் இருந்ததையும் இழக்கிறார்கள்.

இப்போது உங்களைத் தாக்கிய வகைக்கு வருகிறேன். ட்ரோஜன் என்ற பெயர் கிரேக்கரின் மரக்குதிரையிலிருந்து வந்தது. நமக்கு அதைவிட நெருக்கமான கதை உதயணனுடையது. யாழிசையால் யானைகளை வசப்படுத்தும் அந்த மன்னனைப் பிடிக்க, பகையரசன் வீரர்களை உள்ளே ஒளித்த பொய் யானை ஒன்றைச் செய்து காட்டில் விட்டான். உதயணன் யானைமேல் வைத்திருந்த விருப்பமே அவனை அதன் அருகே கொண்டு சென்றது. ட்ரோஜன் செய்வதும் இதுவே. அது கதவை உடைப்பதில்லை, நீங்கள் விரும்பித் தேடும் பொருளின் வடிவத்தில் வந்து உங்கள் கையாலேயே உள்ளே அழைக்கப்படுகிறது. நம் ஊரில் அந்தப் பொய் யானை பெரும்பாலும் கிராக் செய்த மென்பொருள். கணக்கு மென்பொருளோ, படம் திருத்தும் மென்பொருளோ, விண்டோஸோ, காசு கொடுக்காமல் திறக்க உதவும் சிறு நிரல் ஒன்றை இறக்கும்போது, “வைரஸ் கார்டை நிறுத்திவிட்டு இயக்கவும்” என்ற அறிவுறுத்தலும் கூடவே வரும். அதன்படி நிறுத்துபவர் நாமே. வைரஸ் கார்ட் இருந்தும் எப்படி வந்தது என்ற உங்கள் கேள்விக்கு மிகச் சாத்தியமான விடை இது. கடந்த சில நாட்களில் அந்தக் கணினியில் யாராவது எதையாவது நிறுவினார்களா என்று ஊழியர்களிடம் கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். கோபப்பட்டால் உண்மை வராது.

980 டொலர், 72 மணித்தியாலம், 490 டொலர் என்ற கணக்கும் நான்கு எழுத்துப் பின்னொட்டும் ஸ்டொப் என்றும் டிஜவு என்றும் அழைக்கப்படும் குடும்பத்தின் அடையாளங்கள். அது பெரிய நிறுவனங்களைத் தேடிப் போவதில்லை. கிராக் மென்பொருளைத் தேடும் மாணவர்களும் சிறு அலுவலகங்களும்தான் அதன் இரை. கப்பம் கேட்கும் நிரல்கள் புதியவை அல்ல. 1989இலேயே ஜோசப் பொப் என்பவர் எயிட்ஸ் பற்றிய தகவல் வட்டு என்று சொல்லி ஏறத்தாழ 20,000 ஃப்ளொப்பிகளைத் தபாலில் அனுப்பினார். கணினியை 90 தடவை இயக்கியபின் அது கோப்புகளின் பெயர்களை மறைத்து, பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டொலர் அனுப்பச் சொன்னது. அந்தப் பூட்டு பலவீனமானது. திறக்கும் வழியை விரைவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

இன்றைய பூட்டு அப்படியில்லை. இதைப் புரிந்துகொண்டால் “ஆயிரம் ரூபாய் தாருங்கள், மென்பொருளால் திறந்து தருகிறேன்” என்பவர்களிடம் ஏமாற மாட்டீர்கள். பூட்டுவதற்கு ஒரு திறவுகோலும் திறப்பதற்கு வேறொரு திறவுகோலும் கொண்ட குறியாக்க முறையை இவை பயன்படுத்துகின்றன. பூட்டும் திறவுகோல் மட்டுமே உங்கள் கணினிக்கு வருகிறது. திறக்கும் திறவுகோல் தாக்கியவரின் சேர்வரை விட்டு வெளியே வருவதே இல்லை. வங்கிப் பரிமாற்றங்களைக் காக்கும் அதே கணிதம்தான் இங்கே நமக்கு எதிராக நிற்கிறது. எனவே நிரலை எழுதியவர்கள் எங்காவது தவறு விட்டிருந்தாலன்றி, அல்லது பொலிஸார் சேர்வரைக் கைப்பற்றினாலன்றி, எந்தத் தொழில்நுட்பவியலாளராலும் அதைத் திறக்க முடியாது.

கப்பம் கட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் சொல்கிறேன், கட்ட வேண்டாம். திறவுகோல் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2017 ஜூன் 27ஆம் திகதி உக்ரெயினில் பலர் பயன்படுத்திய கணக்கு மென்பொருள் ஒன்றின் அப்டேட் வழியாகப் பரவிய நொட்பெட்யா, கப்பம் கேட்கும் வேடத்தில் வந்த வைப்பர், அதாவது அழிப்பான். பணம் கட்டினாலும் திறக்க வழியே இல்லாதபடி அது எழுதப்பட்டிருந்தது. கொழும்புத் துறைமுகத்துக்கும் பழக்கமான மேர்ஸ்க் கப்பல் நிறுவனம், சுமார் 4,000 சேர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது. அவர்களின் வலையமைப்பின் அடிப்படைத் தரவு எங்கும் அழிந்துபோக, மின்வெட்டினால் தற்செயலாக அணைந்திருந்த கானா அலுவலகக் கணினி ஒன்றில் மட்டுமே அதன் பிரதி எஞ்சியிருந்தது. இணைப்பில் இல்லாத ஒரு பிரதியின் பெறுமதியை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வை நான் அறியேன்.

நம் நாட்டிலும் இந்தப் பாடம் வெகு தொலைவில் இல்லை. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசாங்க முகில் சேவை ரன்சம்வெயாரால் தாக்கப்பட்டபோது, அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. பெக்கப் இருந்தது, ஆனால் அது இணைப்பில் இருந்ததால் அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டது. மின்னஞ்சல் மென்பொருள் பழைய பதிப்பாக இருந்ததும் ஒத்துக்கொள்ளப்பட்டது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியின் அலுவலகத்தில் இதே கதையைச் சிறிய அளவில் நானே பார்த்திருக்கிறேன். ஒழுங்காகத் தினமும் பெக்கப் எடுத்தவர் அவர். ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் இரவு பகலாகக் கணினியிலேயே செருகப்பட்டிருந்தது. பத்து வருடக் கணக்கு, அசலும் பிரதியும் ஒரே இரவில் போனது. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, வாரம் மாறி வாரம் ஒன்றில் பிரதி எடுத்து, எடுத்தவுடன் கழற்றி, ஒன்றை வீட்டில் வையுங்கள். மூன்று கணினி அலுவலகத்துக்கு எந்த மென்பொருளையும்விட இதையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

உங்கள் விடயத்தில் பூட்டப்பட்ட கோப்புகளைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. டிஜவு குடும்பம் பல தடவைகளில் தனியே வருவதில்லை. தகவல் திருடும் ஸ்பைவெயார் ஒன்றையும் கூட்டி வருகிறது. பூட்டும் நிரல் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளும். திருடும் நிரலோ உங்கள் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களையும், உள்நுழைந்த நிலையைக் காக்கும் குக்கீகளையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிட்டு அமைதியாகிவிடும். கணக்கு அலுவலகம் என்பதால் வாடிக்கையாளர்களின் உள்நாட்டு இறைவரித் திணைக்கள ரமிஸ் கணக்குகளின் விவரமும், சிலருடைய ஒன்லைன் வங்கி விவரமும் அங்கே இருந்திருக்கக்கூடும். ஆகவே இன்றே, பாதிக்கப்படாத வேறொரு கருவியிலிருந்து, முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும் பின்னர் மற்றவற்றையும் மாற்றுங்கள். மாற்றுவது மட்டும் போதாது. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் தெரிவையும் அழுத்துங்கள், இல்லாவிட்டால் திருடிய குக்கீயுடன் அவர்கள் உள்ளேயே இருப்பார்கள். வாடிக்கையாளர்களுக்கும் சொல்லிவிடுங்கள். சங்கடமான வேலைதான், ஆனால் அவர்களுடைய தகவல் அவர்களுக்குரியது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை எண்ணமும் அதுவே.

கைபேசியில் இதே திருட்டு வேறு உருவில் வருகிறது. திருமண அழைப்பிதழ், வங்கியின் புதிய செயலி என்று வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அதாவது அண்ட்ரொயிட் செயலியை நிறுவும் கோப்பை, நிறுவினால், அது முதலில் கேட்பது மாற்றுத்திறனாளிகளுக்காக அமைந்த அணுகல் வசதிக்கான அனுமதியை. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் தெரியும் எதையும் அது படிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தானே அழுத்தும். ஓடிபியும் அதன் கைக்குப் போய்விடும். பிளே ஸ்டோருக்கு வெளியேயிருந்து வரும் எதையும் நிறுவாதிருப்பதே முதல் காப்பு.

தீநிரலே இல்லாமலும் பெரும் இழப்புகள் நடக்கின்றன. தபால் திணைக்களத்தின் பெயரில் பொதிக்குப் பணம் கட்டச் சொல்லும் குறுஞ்செய்தி, வட்ஸ்அப்பின் ஆறு இலக்க எண்ணைத் தவறுதலாக அனுப்பிவிட்டேன் என்று கேட்கும் நண்பரின் கணக்கு, “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தத் தடவை இதற்கு அனுப்புங்கள்” என்று வெளிநாட்டு விநியோகத்தரின் பெயரில் வரும் மின்னஞ்சல் ஆகியவற்றில் வைரஸ் கார்ட் கண்டுபிடிக்க எந்த நிரலும் இல்லை. கடைசியாகச் சொன்னதற்கு ஒரே மருந்து, மின்னஞ்சலில் உள்ள இலக்கத்தை விட்டு, உங்களிடம் முன்பே இருக்கும் இலக்கத்துக்கு அழைத்துக் கேட்பது.

சில வேளைகளில் இந்த வகைகள் எல்லாம் ஒன்றாகச் சேரும். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியிலிருந்து 951 மில்லியன் டொலரை நகர்த்த முயன்றவர்கள், வேலைக்கு விண்ணப்பிப்பவர்போல் அனுப்பிய மின்னஞ்சலால் உள்ளே நுழைந்து, மாதக்கணக்கில் வலையமைப்பில் ஒளிந்திருந்து, பரிமாற்றங்களின் பதிவை மறைக்கும் தீநிரலை நிறுவினார்கள். 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. இலங்கைக் கணக்கொன்றுக்கு வந்த 20 மில்லியன் டொலர், பெறுநரின் பெயரில் இருந்த எழுத்துப்பிழை ஒன்று சந்தேகத்தை எழுப்பியதால் தடுக்கப்பட்டுத் திரும்பியது. கருவிகள் எல்லாவற்றையும் தாண்டி வந்ததை ஒரு வங்கியின் வழமையான கவனம் நிறுத்தியிருக்கிறது.

அலுவலகத்தில் கண்காணிப்புக் கமரா இருந்தால் அதன் கடவுச்சொல்லையும் பாருங்கள். 2016இல் மிராய் என்ற நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லே மாற்றப்படாத கமராக்களையும் ரவுட்டர்களையும் சுமார் 60 கடவுச்சொற்களின் பட்டியலை வைத்தே கைப்பற்றி, அவற்றைப் படையாகத் திரட்டி அமெரிக்காவில் பெரிய இணையத்தளங்களை முடக்கியது.

இனி அந்தக் கணினி. டிஜவு நிரல் தன் சேர்வரைத் தொடர்புகொள்ள முடியாத நேரத்தில், தன்னுள்ளேயே வைத்திருக்கும் பொதுவான திறவுகோல் ஒன்றால் பூட்டுகிறது. அப்படிப் பூட்டப்பட்டவர்களின் கோப்புகள், அந்தத் திறவுகோல் பின்னர் வெளிவந்தபோது மீட்கப்பட்டிருக்கின்றன. ஐரோப்பியப் பொலிஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்துப் பொலிஸாரும் பாதுகாப்பு நிறுவனங்களும் 2016இல் தொடங்கிய நோ மோர் ரன்சம் தளத்தில், பூட்டப்பட்ட கோப்பொன்றையும் அந்தக் குறிப்பையும் பதிவேற்றினால் உங்களுடையது மீட்கக்கூடியதா என்று காசில்லாமல் பார்த்துச் சொல்லும். இன்று முடியாதது அடுத்த வருடம் முடியலாம். இதனால்தான் போர்மட் செய்ய வேண்டாம் என்றேன். பூட்டிய கோப்புகளையும் குறிப்பையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துத் திகதி எழுதி அலுமாரியில் வைத்தபின், கணினியை முழுவதுமாக அழித்து, உரிமம் உள்ள விண்டோஸை நிறுவுங்கள். இலங்கை சேர்ட்டுக்கு அறிவித்து, பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் இது குற்றம். வாடிக்கையாளர்களிடமும் திணைக்களங்களிடமும் தாமதத்துக்குக் காரணம் சொல்ல நேரும்போது அந்த முறைப்பாட்டுப் பிரதி உதவும்.

அதற்கிடையில் மின்னஞ்சலில் “அனுப்பியவை” பகுதியைத் திறந்து பாருங்கள். சரிபார்க்கச் சொல்லி வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் அனுப்பிய எக்செல் கோப்புகள் அங்கே பூட்டப்படாமல் இருக்கும்; அவர்களுடைய கைபேசிகளிலும் இருக்கும். ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கினால் இவ்வருடக் கணக்கின் பெரும்பகுதியை 490 டொலர் இல்லாமலே மீண்டும் கட்டியெழுப்பிவிடலாம்.